முட்டிக்குள் இருந்த பல்

ட்ரேவனின் முன்பல்லை ஒடெட்டா உடைத்த குத்தில் டொலீடோ நகரமே ஆடிப்போய் ஏரித் தண்ணீர் கரை தாண்டியது என்று அந்தத் தெருவில் சொல்வார்கள். ஏரி தாண்டியதை நான் பார்க்கவில்லை. ஃப்ரிட்ஜ் சாய்ந்தது மட்டும் சத்தியம்.

அந்த ஃப்ரிட்ஜ் கதவில்தான் ட்ரேவன் தன்னோடு வாழ்ந்த பிரியெலின் தலைமுடியைப் பிடித்து அவள் முகத்தை இடித்துக்கொண்டிருந்தான். மூக்கு ரத்தம் கதவில் ஒட்டியிருந்த அவள் குழந்தையின் படத்தில் தெறித்தது. டயர் கடை வேலை முடிந்து வந்த ஒடெட்டா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஒரே குத்து. ட்ரேவன் வாயைப் பொத்திக்கொண்டு பனியில் ஓடினான்.

ஒடெட்டாவுக்குப் பிரியெல் கூடப்பிறந்தவள் இல்லை. ஆதரவற்ற பிள்ளைகளை அரசாங்கம் காசு கொடுத்து விட்டுவைக்கும் ஒரு வளர்ப்பு வீட்டில் மேல்கட்டிலில் ஒருத்தி, கீழ்க்கட்டிலில் ஒருத்தி. அந்த வீட்டில் பெல்ட் பேசும். ஒன்பது வயதில் ஒடெட்டா பள்ளி நர்ஸிடம் முதுகைக் காட்டி உண்மையைச் சொன்னாள். அன்று சாயங்காலமே கவுண்டி ஆபீஸ் கார், பிள்ளைகளை இடம் மாற்றும் மாவட்ட ஆபீஸின் கார், வந்தது. துணிமணியைக் கறுப்புக் குப்பைப் பையில் அடைத்து அவளை வேறு ஊரில் இறக்கிவிட்டார்கள். பிரியெலை மறுபடி பார்க்க வருஷங்கள் ஆயின. அதற்குப் பிறகு எந்த டாக்டர் கேட்டாலும் ஒடெட்டாவுக்கு ஒரே பதில்தான்: படியில் விழுந்தேன்.

இப்போது வயது பத்தொன்பது. அவளை யாரும் எங்கும் தூக்கிப் போக முடியாது. ஆனால் பிரியெலின் குழந்தையைத் தூக்கிப் போகலாமே. அடிதடி நடந்த வீடு என்று ஒரு டாக்டர் எழுதிவிட்டால் போதாதா?

குத்திய இரண்டே நாளில் ஒடெட்டாவின் வலது கை குத்துச்சண்டை உறை போட்டதுபோல் வீங்கியது. விரல் முட்டியில் கடுகளவு கிழிசல், அதிலிருந்து முழங்கை நோக்கி ஏறும் சிவப்புக் கோடு. பிரியெல்தான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளை அவசரப் பிரிவுக்கு இழுத்துப் போனாள்.

"இன்ஷூரன்ஸ்?" என்றாள் முகப்பில் இருந்தவள்.

"கவுண்டி குடுத்த... இல்ல, ஒண்ணும் இல்ல."

"வளர்ப்பு வீட்டுல இருந்தியா கண்ணு? பதினெட்டு வரைக்கும் இருந்திருந்தா இருபத்தாறு வயசு வரைக்கும் உனக்கு வைத்தியம் இலவசம்."

"எனக்கு அம்மா இருக்கா. புளோரிடாவுல. பெரிய பங்களா." அந்தப் பொய்ப் பங்களாவில் நீச்சல் குளமும் இருந்திருக்கும், அதற்குள் வரிசையில் அடுத்த ஆள் வந்துவிட்டான்.

உள்ளே டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எப்படி ஆச்சு?"

"கார் கதவு இடுக்கிடுச்சு."

"உன் கார் கதவுக்குப் பல்லு இருக்காம்மா?"

ஒடெட்டா கையை இழுத்துக்கொண்டாள்.

"கதவுன்னா மாத்திரை குடுத்து அனுப்பிடுவேன். வாய்ல குத்தினதுன்னா விரல் மூட்டைத் திறந்து கழுவணும். விட்டா விரல் போகும். அப்புறம் கை. யார் வாயின்னு நான் கேக்கலை."

"கதவுதான். மாத்திரையைக் குடுங்க." ஒடெட்டா எழுந்துவிட்டாள். எழுந்தவள் தள்ளாடிக் கட்டிலைப் பிடித்தாள்.

"பல்லு," என்றாள் பிரியெல்.

"கதவுன்னு சொல்றேன்ல!"

"பல்லு டாக்டர். என் ஆளு பல்லு. இவ பதினெட்டு வரைக்கும் வளர்ப்பு வீட்டுல வளந்தவ, வைத்தியம் இலவசம். நானுந்தான்."

ஒடெட்டாவின் இடது கை பளாரென்று பிரியெலின் கன்னத்தில் இறங்கியது. குழந்தை வீறிட்டது. "பைத்தியமே! உன் புள்ளையைத் தூக்கிட்டுப் போவாங்கடி!"

"உன் கையை வெட்டிட்டாங்கன்னா நாளைக்கு அவன் வரும்போது எவடி குத்துவா?" பிரியெல் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் தட்டில் உதறினாள். டங்கென்று விழுந்தது பாதி முன்பல். "ஃப்ரிட்ஜுக்கு அடியில கெடந்துச்சு. மீதி எங்கன்னு பாத்துக்கோங்க."

மீதி முட்டிக்குள் இருந்தது. திறந்தபோது வந்த சீழில் ஒரு வாளி நிரம்பியதாம். வாளி என்பது என் கணக்கு.

மறுநாள் கழுத்தில் அடையாள அட்டையோடு கவுண்டிப் பெண் ஒருத்தி வந்தாள். அட்டையைக் கண்டதும் ஒடெட்டா கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்துக் குழாயைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தாள், கட்டிலெல்லாம் ரத்தம். நர்ஸ்கள் அமுக்கிப் பிடித்தார்கள். வந்தவள் குழந்தையைப் பார்த்தாள், பிரியெலின் வீங்கிய மூக்கைப் பார்த்தாள்.

"வீட்டுச் சாவி உன்னை அடிச்சவன்கிட்ட இருக்கா?"

"இருக்கு."

"இன்னைக்கே பூட்டை மாத்து. நான் வந்து பார்ப்பேன்."

மாற்றினார்கள். அவள் வந்து வந்து பார்த்தாள். குழந்தை வீட்டிலேயே இருந்தது.

கை பிழைத்தது, ஆனால் நடுவிரல் மடங்கவில்லை. இனி முஷ்டி பிடிக்க வராது. அதைக் கேள்விப்பட்டுத்தான் ட்ரேவன் டயர் கடைக்கே வந்தான். பேசினால் பல்லிடுக்கில் விசில் வந்தது.

"என்னடி, இப்பக் குத்து பாப்போம்?"

ஒடெட்டா சக்கரம் கழற்றும் சிலுவை ஸ்பானரை எடுத்தாள். இரும்பைப் பிடிக்க நடுவிரல் மடங்கவேண்டியதில்லை. முதல் அடி அவன் கார் கண்ணாடியில் இறங்கியது. இரண்டாவதற்கு அவன் நிற்கவில்லை. பனிக்கட்டியில் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்த சத்தம் கடைக்குள் கேட்டது.

அதே அவசரப் பிரிவு. அதே டாக்டரம்மா.

"எப்படி ஆச்சு?"

"படியில விழுந்துட்டேன்," என்றான் ட்ரேவன்.