வலக்கை இல்லாத வண்டி

தலைமையாசிரியையின் வேலையில் பாடம் கற்பிப்பது மிகச் சிறிய பங்கு. பெரும்பங்கு, தமக்குச் சற்றும் தெரியாத பொருள்களை வாங்கலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பது. கரும்பலகை, தண்ணீர்த் தொட்டி, ஹார்மோனியம், கூரை ஓடு என்று இருபத்தெட்டு ஆண்டுகள் நான் தீர்மானித்திருக்கிறேன். பள்ளிக்கூடம் நடத்தி அவதிப்பட்ட சகோதரிகளே, இந்தத் துன்பம் உங்களுக்கும் புதிதன்று. ஆயினும் பழைய மோட்டார் வாங்கத் துணிந்தவர்கள் உங்களுள் மிகச் சிலராகவே இருப்பீர்கள். அந்தச் சிலருக்கும், இனித் துணியப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

பதினொரு பெண்கள்

எங்கள் பெண்கள் பள்ளி பெங்களூரில் மர்பி டவுனை ஒட்டி இருந்தது. மாணவியரில் பதினொருவர் ஊரின் மறுகோடியான ஸ்ரீராம்புரத்திலிருந்து வந்தவர்கள். காதர் சாயபு என்னும் ஜட்காக்காரரும் அவருடைய தம்பியும் இரண்டு வண்டிகளில் அவர்களை நாள்தோறும் அழைத்து வந்தார்கள். அந்த ஆண்டு மாசி மாதம் ஒரு குதிரை இறந்தது. மற்றொரு குதிரை, அல்சூர் ஏரிக் கரையை எட்டியவுடன் தன் கடமை முடிந்ததாகக் கருதி நின்றுவிடத் தொடங்கியது.

கோடை விடுமுறைக்கு முன் முனுசாமி என்னைக் காண வந்தார். அவர் பஞ்சாலையில் வேலை செய்பவர். மற்றப் பத்துத் தகப்பன்மாரும் அவர் சொல்லைக் கேட்டு நடப்பவர்கள். அவருடைய மகள் பத்மாவதி நான்காம் பாரத்தில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், படித்தாள். ஜியோமெட்ரியில் எவருடைய உதவியும் வேண்டாதவள். பன்னிரண்டு வயதைக் கடந்த பெண்களைத் தெருவில் நடக்கவிட முடியாது, ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது திரை போட்ட வண்டி வராவிட்டால் பதினொருவரும் நின்றுவிடுவார்கள் என்று அவர் பணிவாகவும் உறுதியாகவும் தெரிவித்தார். பள்ளியின்மேல் ஏதேனும் குறை உண்டா என்று கேட்டேன். அவர் சொன்னது இது: "பள்ளிக்கூடத்து மேலே ஒரு குத்தமும் இல்லே டீச்சரம்மா. அது ஸ்ரீராம்புரத்துலே இல்லே, அவ்ளோதான் குத்தம்."

பட்லரின் பரீட்சை

அப்போது கண்டோன்மெண்டில் ஒரு பிரெஞ்சு என்ஜினீயர் தம் நாட்டுக்குத் திரும்பும் ஏற்பாட்டில் இருந்தார். அவர் தம் நாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்த மோட்டார் ஒன்று விற்பனைக்கு இருந்தது. முன்பாதி இரும்பு, பின்பாதி மரம். மரப்பகுதியில் எதிரெதிராக இரண்டு நீண்ட பலகைகள். அவ்வகையை ஸ்டேஷன் வாகன் என்பார்கள். பன்னிரண்டு பெண்கள் தாராளமாக உட்காரலாம். விலையும் எங்களுக்கு எட்டியது. இத்தனை அனுகூலங்கள் ஒன்றுசேர்ந்தால் எனக்கு ஐயம் தோன்றுவது இயல்பு.

ஆகவே வரிசை எண்ணிட்ட இருபத்து மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு அந்த பங்களாவுக்குச் சென்றேன். என்ஜினீயர் வெளியே போயிருந்தார். அவருடைய பட்லர் அந்தோணி வண்டியைக் காட்டினார். மழை நாளில் மரம் உப்புகிறதா, கதவு உள்ளிருந்து திறக்குமா, பலகை ஆணிகள் துணியைக் கிழிக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு விடையை எதிரே குறித்தேன். மூன்று விடைகள் தெளிவற்று இருந்தமையால் அவற்றை மீண்டும் சொல்லுமாறு கேட்டுக்கொண்டேன். பதினேழாம் கேள்வியில் அந்தோணி தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அம்மா, வண்டியை விக்கிறது தொரை. பரீச்சைலே பாஸாக வேண்டியது நானா?"

மோப்பம்

என்ஜினீயர் வேட்டைப் பிரியர். வண்டியின் பின்பாதியில் பெரும்பாலும் பயணம் செய்தவை அவருடைய நாய்கள். இச்செய்தி எங்கள் பள்ளிக் குழுவின் தலைவரான வரதாச்சாரியார் காதுக்கு எட்டியது. அவர் மைசூர் அரசாங்கத்தில் ஷிரஸ்ததார் என்னும் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த விண்ணப்பத்தையும் முதலில் மறுத்துவிட்டுப் பிறகு படிக்கும் பழக்கம் உள்ளவர். நாயும் வேட்டையாடிய விலங்கும் கிடந்த பலகையில் நம் பெண்களா என்று கேட்டார். பங்களா முற்றத்திலேயே பலகைகளைச் சீயக்காய் போட்டு இரு முறையும் மஞ்சள் நீரால் ஒரு முறையும் கழுவச் செய்தேன். அதன் பிறகும் அவர் கதவருகே நின்று, மூக்கின்மேல் அங்கவஸ்திரத்தை வைத்துக்கொண்டு, வாடை இன்னும் இருக்கிறது என்றார்.

பெற்றோர் கருத்தையும் கேட்டுவிடலாம் என்று முனுசாமியின் மனைவி நாகம்மாளை வரவழைத்திருந்தேன். அவர் உள்ளே ஏறி, பலகையில் நன்றாக உட்கார்ந்து, இரண்டு முறை ஆழமாக மூச்சு இழுத்தார். நாங்கள் காத்திருந்தோம். "இதையா நாத்தம்ன்றீங்கோ? எங்க சந்துக்கு ஒரு நாள் வந்து மூச்சு வுட்டுப் பாருங்க சாமி, அப்பறம் இதை சந்தனம்னுவீங்கோ."

வரதாச்சாரியார் அங்கவஸ்திரத்தை மூக்கிலிருந்து எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். குழுவின் நடவடிக்கைக் குறிப்பில் "ஆட்சேபம் விலக்கப்பட்டது" என்று நான் எழுதினேன்.

காதர் சாயபு பார்த்த குறை

என்ஜின் எனக்குத் தெரியாத துறை. காதர் சாயபு முந்தைய போரில் பட்டாள லாரி ஓட்டியவர். குதிரைக்கு மாறியதே பிறகுதான். வண்டி வாங்கினால் ஓட்டப்போகிறவரும் அவரே. ஏனெனில் பெற்றோர் நம்பியது அவர் ஒருவரைத்தான். "வண்டியிலே சாயபு தவிர வேற ஆம்பளை ஏறக்கூடாது" என்பது முனுசாமியின் இரண்டாவது நிபந்தனை.

சாயபு முதலில் மோட்டாரைச் சுற்றி வந்து அதன் பக்கவாட்டில் தட்டிக்கொடுத்தார். பிறகு கீழே படுத்தார். எழுந்து ஸ்குரூ டிரைவரின் ஒரு முனையை என்ஜினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டார். என்ஜின் கெட்டி, டயர் ஒரு வருஷம் தாங்கும் என்றார். ஆனாலும் முகம் தெளியவில்லை. ஓட்டுபவரின் இருக்கை இடப்பக்கம் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் தெருவின் வலப்பக்கம் ஓட்டுபவர்கள் ஆயிற்றே. நம் ஊரிலோ ஓட்டுபவர் வலப்பக்கம் உட்கார்ந்து, நிற்கவும் திரும்பவும் வலக்கையை வெளியே நீட்டிக் காட்ட வேண்டும். அதைப் பார்த்துத்தான் பின்னால் வருபவன் ஒதுங்குவான். இந்த வண்டியில் சாயபு கையை நீட்டினால் அது சாக்கடைக்குத்தான் தெரியும். கைக்குப் பதிலாகப் பக்கவாட்டில் எழும்பும் சிறு கருவி ஒன்று இருந்தது. அது ஒடிந்து நெடுநாளாயிற்று, மாற்றுப் பாகம் பாரிஸில்.

அப்படியானால் என்ஜினீயர் இத்தனை நாள் எப்படி ஓட்டினார் என்று அந்தோணியைக் கேட்டேன். என் இருபத்து மூன்று கேள்விகளில் இது இல்லை. வலப்பக்கம் உட்கார்ந்து கையை நீட்டுவதும், எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்துச் சொல்வதும் தம் வேலை என்று அவர் அமைதியாகச் சொன்னார். அவருக்கு நீலகிரியில் வேறு வேலை கிடைத்துவிட்டது. சாயபு என் பக்கம் திரும்பினார். "வண்டி மஸ்தா கீதும்மா. கூடவே ஒரு கையும் வாங்கணும்."

கைக்கு ஆள் தேடியது

குழு கூடியது. வரதாச்சாரியார் வண்டி வாங்கும் என் விண்ணப்பத்தை மறுத்துவிட்டுப் பிறகு படித்தார். பள்ளிச் சேவகனை வலப்பக்கம் உட்கார வைக்க முனுசாமியின் நிபந்தனை இடங்கொடாது. ஆயா, தன் சம்பந்தி வீடு வழியில் இருப்பதாகவும் அவர்கள் கண்ணில் படக்கூடாது என்றும் சொல்லிக் கும்பிட்டு மறுத்தாள். "ஒரு குடும்பப் பெண் டிரைவர் பக்கத்திலே உட்கார்ந்துண்டு, ஊர் முழுக்கக் கையை நீட்டிண்டு போறதா? வேண்டாம், வேறே வண்டி பார்க்கலாம்" என்றார் தலைவர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் என்ஜினீயர் சனிக்கிழமை புறப்படுகிறார். ஜூன் மாதத்துக்குப் பன்னிரண்டு நாள்களே இருந்தன. எங்களுக்கு எட்டும் விலையில் வேறு வண்டி ஊரில் இல்லை. பதினொரு பெண்களின் பெயர்களை வருகைப் பதிவேட்டிலிருந்து நானே அடிக்க வேண்டியிருக்கும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

விஞ்ஞான ஆசிரியை எஸ்தர் தாம் உட்காருவதாக முன்வந்தார். அவருக்கு இருபத்து நான்கு வயது. லிங்கராஜபுரத்தில் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சம்மதிக்கவில்லை. எனக்கு ஐம்பத்தாறு வயது; என்னைப் பற்றி எவரும் பேசிக்கொண்டிருக்கவில்லை. நானே உட்காருகிறேன் என்றேன். எஸ்தர் மெல்லச் சொன்னார்: "அம்மா, நீங்க கையை நீட்டினா எல்லாரும் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து குடுத்துடப் போறாங்க."

நாற்சந்தியில் நிசப்தம்

வாங்குமுன் ஓட்டிப் பார்க்க என்ஜினீயர் இசைந்தார். தலைவர், பெற்றோர் ஒப்பினால் தமக்கும் ஒப்புதல் என்று கூறி வீட்டிலேயே தங்கிவிட்டார். எனவே முனுசாமியும் நாகம்மாளும் பின்னால் திரைக்குள் உட்கார, பள்ளியிலிருந்து ஸ்ரீராம்புரம் வரை சென்று வருவதாக ஏற்பாடு. சைகைகளை முந்தைய நாளே ஒரு வரைபடத்திலிருந்து கற்று, கண்ணாடி முன் பயின்றிருந்தேன். கண்டோன்மெண்ட் முழுவதும் ஒரு பிழையும் நேரவில்லை. இரண்டு மாட்டு வண்டிகளை முந்தலாம் என்று அனுமதி கொடுத்தேன், ஒன்றுக்கு மறுத்தேன்.

சிட்டி ரயில் நிலையத்தருகே உள்ள நாற்சந்தியில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். கையை முறைப்படி நீட்டினேன். அப்போது இரண்டு சைக்கிள்காரர்கள் ஒருவரோடொருவர் சிரித்துப் பேசிக்கொண்டே எங்கள் குறுக்கே வந்தார்கள். ஜட்காக்காரர்கள் கத்தினார்கள், ஒரு பஸ் ஓயாமல் ஹாரன் அடித்தது. அத்தனை இரைச்சலைக் கேட்டதும் என் கை தானாக உயர்ந்தது: முழங்கையை மடக்கி, உள்ளங்கையை முன்னே காட்டி, விரல்களைச் சேர்த்து. வகுப்பில் நான் அப்படிக் கையை உயர்த்தினால் ஊசி விழும் ஓசை கேட்கும்வரை இறக்குவதில்லை. இங்கும் இறக்கவில்லை. சைக்கிள்காரர்கள் இறங்கி நின்றார்கள். பஸ் நின்றது. ஜட்காக்கள் நின்றன. எதிர்ப்பக்கம் வந்த மாடுகளும் நின்றன. காதர் சாயபுவும் பழக்கத்தால் நின்றுவிட்டார். நாற்சந்தி முழுவதும் நிசப்தமாயிற்று; நானும் அதில் திருப்தியுற்று, அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பதை மறந்தேன். நடு மேடையில் நின்ற போலீஸ்காரர் இறங்கி வந்து ஜன்னலருகே குனிந்து, கன்னடம் கலந்த தமிழில் கேட்டார். "ஏன்ரீ அம்மாவ்ரே, இந்த சர்க்கிள்லே டூட்டி எனக்கா, உங்களுக்கா?"

ஸ்ரீராம்புரத்துக் குழாயடி

மன்னிப்புக் கேட்டு, கையை இறக்கி, மிச்ச வழியைக் கடந்தோம். வண்டி கைநழுவிவிட்டது என்றே நினைத்தேன். அது கைநழுவினால் பத்மாவதி ஆலையில் நூல் சுற்றப் போவாள் என்பதும் எனக்குத் தெரியும். பெற்றோரைக் குறை சொல்லவும் முடியாது. நடுத்தெருவில் போலீஸ்காரரிடம் பேச்சு வாங்கும் வண்டியில் நான் என் மகளை அனுப்பியிருப்பேனா?

குழாயடியில் மற்றத் தகப்பன்மார் கூடியிருந்தார்கள். முனுசாமி இறங்கினார். திரையை இழுத்துப் பார்த்தார். கதவை இரண்டு முறை மூடித் திறந்தார். ஒருவர், வண்டி எப்படி என்று கேட்டார். நான் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்; தீர்ப்பு வரும்போது திரும்பிப் பார்ப்பது மரியாதை ஆகாது. முனுசாமியின் குரல் கேட்டது: "வண்டி எப்படின்னு எனக்குத் தெரியாதுப்பா. டேசன் கிட்டே டீச்சரம்மா ஒரு கையைத் தூக்கினாங்கோ, பஸ்ஸே நின்னுபோச்சு. பொண்ணுங்களை அனுப்பு, ஒண்ணும் ஆவாது."

வெள்ளிக்கிழமை வண்டியை வாங்கினோம். ஜூன் மாதம் பதினொருவர் அல்லர், பதினால்வர் ஏறினார்கள். இருவர் மற்றவர்களின் மடியில். அதன் பின் நான்கு ஆண்டுகள், மழையாயினும் வெயிலாயினும், காலையும் மாலையும் என் வலக்கை, கண்டோன்மெண்ட், சிட்டி என்னும் பெங்களூரின் இரு பாதிகளிலும் ஜன்னலுக்கு வெளியே இருந்தது.

பழைய வண்டி வாங்குவோர் என்ஜினையும் டயரையும் நன்றாகப் பார்க்கட்டும். ஆனால் அதற்கு முன், அந்த வண்டியில் தமக்கு எந்த இருக்கை வாய்க்கப் போகிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.