சந்தனம் பூசிய மோட்டார் சைக்கிள்

மோட்டார் சைக்கிள் வாங்க என் மனைவி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். வண்டியை அவள் பார்ப்பாள். ஒரு பிழை கண்டுபிடித்தாலும் வாங்கக்கூடாது. அதற்குப் பிறகு இந்த வீட்டில் அந்தக் கதையே எடுக்கக்கூடாது. நான் யோசிக்காமல் ஓம் என்றேன். ஐம்பதை நெருங்குகிற ஆளுக்கு ஸ்போர்ட் பைக் கேட்கிறதா என்று சொந்தக்காரர் எல்லாம் சிரித்து முடித்திருந்த நேரம் அது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. டொராண்டோவில் இருக்கும் அவளுடைய தம்பி இப்படியொரு வண்டியில் விழுந்தவர். இன்றைக்கும் பொல்லு ஊன்றித்தான் நடக்கிறார். பார்க்கப்போகும் வண்டியில் பிழை இருக்க வேண்டும் என்று அவள் நேர்ந்துகொண்டாலும் ஆச்சரியமில்லை.

எங்கள் நகரத்துச் சென்ட் லோரன்ட் பகுதியில் விமான உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவளுக்குப் பரிசோதகர் வேலை. அவள் கையெழுத்துப் போட்டால்தான் ஒரு துண்டு அந்த வாசலைத் தாண்டும். ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் காலையில் அவளை இறக்கிவிடுகிற கதவும், மாலையில் அவளுக்கு வருகிற தலையிடியும்தான். அவள் வேலை செய்வதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

வண்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம், புரோசார்ட்டில் இருந்தது. விற்பவர் சென்னைக்காரர், கணினிப் பொறியாளர். இரண்டாவது குழந்தை பிறந்துவிட்டதால் விற்கிறார். மே மாதத்துச் சனிக்கிழமை, வெயில் அடித்தும் கையுறை தேடும் குளிர். கராஜ் கதவு மேலே போனதும் வண்டி தெரிந்தது. கறுப்பும் சிவப்பும், அறுநூறு சிசி, முன்பக்கம் குனிந்து பாயப்போகிற மாதிரி நின்றது. பெட்ரோல் டாங்கில் குங்குமம். முன் சக்கரத்தைத் தாங்கும் இரண்டு குழாய்களிலும் சந்தனம். ஹாண்டிலில் ஒரு செவ்வந்தி மாலை.

மனைவி வணக்கம் சொன்ன கையோடு போய் எஞ்சினில் உள்ளங்கையை வைத்தாள். வைத்த வேகத்திலேயே எடுத்தாள்.

“சுடுது,” என்றாள்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு முதல் பாடமே இதுதான். நாம் போய் நிற்கும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சின் தன் நோயை மறைக்காது. ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், புகை கக்கும், கடகடக்கும். முன்கூட்டியே சூடாக்கிவிட்டால் பாதி நோய் தெரியாது. சூடான எஞ்சினைக் கண்டால் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும் என்று முந்தின நாள் நானே அவளுக்கு வாசித்துக் காட்டியிருந்தேன்.

சென்னைக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. “இல்ல மேடம், காலைல டொலார்ட் முருகன் கோயிலுக்கு எடுத்துட்டுப் போயிருந்தேன். இன்னொருத்தர் கைக்குப் போகப் போகுது, அதுக்கு முன்னாடி ஒரு அர்ச்சனை பண்ணிடலாம்னு. ஓட்டப்போறவங்க நல்லா இருக்கணும்ல. இப்பதான் வந்து நிறுத்தினேன்.”

முகம் தெரியாத எங்களுக்காக ஒரு மனிதர் ஆற்றைக் கடந்து கோயிலுக்குப் போய் வந்திருக்கிறார். அந்தப் புண்ணியமே அவருடைய வியாபாரத்தைக் கெடுக்கப் பார்க்கிறது. சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. மனைவியைப் பார்த்தேன். பிழை என்று அவள் ஒரு சொல் சொன்னால் போதும், என் ஆசைக்கு அன்றே பால் ஊற்றிவிடலாம்.

“ஆறட்டும்,” என்றாள். “ஆறுமட்டும் மற்றதுகளைப் பாப்பம்.”

கைப்பையிலிருந்து சின்ன டார்ச் ஒன்றை எடுத்தாள். தலைமயிரை இறுக்கிக் கட்டிக்கொண்டு தரையில் முழங்காலை ஊன்றினாள். அதற்குப் பிறகு நான் பார்த்தது என் வீட்டில் இருக்கிற ஆளையே அல்ல.

ஹாண்டிலின் நுனி, பிரேக் பிடியின் நுனி, கால்மிதியின் நுனி. விழுந்த வண்டி முதலில் அங்கேதான் தேயும் என்று படித்தது நான். விரல் நுனியால் தடவிப் பார்த்தது அவள். ஹாண்டிலை இரண்டு பக்கமும் முட்டத் திருப்பி, அது போய் இடிக்கும் இடத்தில் வெளிச்சம் அடித்தாள். பெரிய விபத்து என்றால் அந்த இடம் நசுங்கியிருக்கும். நசுங்கவில்லை. பிளாஸ்டிக் உறையைப் பிடித்திருக்கும் திருகாணிகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ அவசரமாகக் கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தமாம்; ஒன்றையும் விடாமல் பார்த்தாள். டயரின் ஓரத்தில் பொறித்திருக்கும் இலக்கங்களில் அது எந்த வருடம் செய்தது என்று வாசித்தாள். சங்கிலியை ஒரு இடத்தில் இழுத்துப் பார்த்துவிட்டு விடவில்லை. சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி முழுச் சங்கிலியையும் பார்த்தாள். வீட்டில் எதற்கும் பறக்கிறவளுக்கு அங்கே துளி அவசரம் இல்லை. பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் மாதிரி சென்னைக்காரரும் நானும் நின்றோம்.

முன் குழாய்களுக்கு வந்ததும் அவள் கை தயங்கியது. அங்கே எண்ணெய் கசிகிறதா என்று பார்க்காமல் இந்த வகை வண்டியை யாரும் வாங்கக்கூடாது. ஆனால் பார்க்க வேண்டிய இடத்தின் மேலே கோயில் சந்தனம். வெள்ளிக்கிழமைகளில் மீன் வெட்டிய கத்தியைக்கூடத் தொடாதவள் அவள். “முருகா, குறை நினைக்காதை,” என்று முணுமுணுத்துக் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு சந்தனத்தை விரலால் வழித்து, முகர்ந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். குழாயையும் தடவிப் பார்த்தாள். எண்ணெய் இல்லை. வழித்த சந்தனத்தை எங்கே போடுவது? தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். மற்றக் குழாயின் சந்தனம் என் நெற்றிக்கு வந்தது.

எஞ்சின் ஆறும்வரை அந்த வீட்டில் எங்களுக்குத் தோசையும் சாம்பாரும் போட்டார்கள். அவள் ஒன்றோடு எழும்பிவிட்டாள். இடைக்கிடை கராஜுக்குப் போய் எஞ்சினைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவளிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரு சோதனைதான் என்பது எனக்கு விளங்கியது. அதிலும் பிழை வராவிட்டால் அவள் கையில் ஒன்றும் இல்லை.

பின்னேரம் வண்டி பச்சைத்தண்ணீராய்க் குளிர்ந்திருந்தது. “இப்ப ஸ்டார்ட் பண்ணுங்கோ,” என்றாள். முதல் அழுத்திலேயே பிடித்துக்கொண்டது. பின்னால் புகை இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு குனிந்து, எஞ்சின் பக்கம் காதைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நெடுநேரம் கேட்டாள். ஒரு சின்னக் கடகடப்புக்காக அவள் கெஞ்சிக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது எனக்கு. சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

நிமிர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

“பிழை ஒண்டும் இல்லை,” என்றாள்.

இவ்வளவு காலம் இவளோடு ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறேன், யாரோடு இருக்கிறேன் என்று தெரியாமலே.

காருக்குள் ஏறியதும் சொன்னேன்: “உமக்கு விருப்பமில்லாட்டி விட்டிடுவம்.”

“எனக்கு விருப்பமில்லைத்தான். அதுக்காக இல்லாத பிழையை இருக்கெண்டு என்னால சொல்லேலாது. சொல்லுறதெண்டால் கை சுட்ட உடனேயே சொல்லியிருப்பன்.”

“பயம் போயிட்டுதோ?”

“பயம் இருக்கு. அதுக்கு வண்டி என்ன செய்யும்? வாங்குங்கோ.”

பதிவு வேலைகள் முடிந்து, அடுத்த சனிக்கிழமை வண்டியை எடுக்கப் போனோம். அவள் காரில் என் பின்னால் வருவாள் என்று நினைத்திருந்தேன். மாட்டேன் என்றாள். “நீங்கள் போறதைப் பாத்துக்கொண்டு என்னால கார் ஓடேலாது. நான் முன்னால போறன்.”

பாலத்தில் வலது ஓரத்தைப் பிடித்து, அறுபதைத் தாண்டாமல் போனாள். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்தன. என்னைப் போல மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள், தங்களுக்குள் இருக்கும் வழக்கப்படி, கையைத் தாழ்த்தி ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் பறந்தார்கள். அவளுடைய தலை அடிக்கடி கண்ணாடிப் பக்கம் திரும்புவதைப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டே போனேன். கைப்பிடியைக் கொஞ்சம் முறுக்கினால் ஒரு நொடியில் அவளை முந்திவிடலாம். வீடு போய்ச் சேரும்வரை எனக்கு மனம் வரவில்லை.