இலையைத் திருப்பிப் பார்த்த அண்ணி

என் வெள்ளைச் சட்டையின் கைப்பகுதியில் அண்ணி ஒரு மல்லாட்டை இலையைக் கவிழ்த்து வைத்துத் தேய்த்தார். எடுத்தபோது துணியில் செங்கல் பொடி பூசியதுபோல ஒரு தடம் இருந்தது. அப்போது நான் வேளாண்மை உதவி அலுவலர். மரக்காணம் பக்கத்து ஊர்களில் எந்த நிலத்தில் என்ன பாதிப்பு என்று எழுதுவது என் வேலை. அன்று காலைதான் பட்டியலில் அண்ணனின் நிலத்துக்கு நேராக ‘உவர்ப் பாதிப்பு’ என்று எழுதியிருந்தேன்.

அது இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டுப் புரட்டாசி. முந்தைய மார்கழியில் ஆழிப்பேரலை உப்பளங்களைத் தாண்டி வந்து எங்கள் நிலங்களில் நின்று வடிந்திருந்தது. அதன்பின் எந்தப் பயிர் வாடினாலும் ஊரில் உப்பு என்றுதான் சொன்னார்கள். வேர்க்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். ஆடியில் விதைத்த மல்லாட்டை காய் பிடிக்கிற நேரத்தில் மஞ்சளாகிக் காயத் தொடங்கியபோது நானும் அதையேதான் நினைத்தேன். பயிரை உழுது மடக்கிவிட்டு, மண்ணின் உப்பைப் போக்க ஜிப்சம் போடச் சொன்னேன். அண்ணன் மறுநாளுக்கே டிராக்டர் சொல்லிவிட்டார்.

அண்ணி ஒப்பவில்லை. கல்யாணத்துக்கு முன்பு பத்து வருடம் உப்பளத்தில் உப்பு வாரியவர் அவர். அளத்துக் கரையில் எந்தச் செடி எப்படிக் கருகும் என்பதைத் தினமும் பார்த்தவர்.

“உப்பு எனக்குத் தெரியாதா தம்பி? அது இலை ஓரத்துலேர்ந்து கருக்கிக்கிட்டு வரும். தண்ணி நின்ன பள்ளத்துலதான் மொதல்ல புடிக்கும். இது மேட்டுலயும் இருக்குது, இலை பூரா புள்ளி புள்ளியா இருக்குது. பின்பக்கம் திருப்பிப் பாத்தீங்களா?”

நான் பார்த்திருக்கவில்லை. பூஞ்சையால் வரும் துரு நோயைக் கல்லூரியில் படித்துத் தேர்வும் எழுதியவன் நான். இலையின் அடியில் செம்பழுப்புக் கொப்புளங்கள் இருக்கும், தொட்டால் பொடி ஒட்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் உப்புதான் என்று முடிவு செய்துகொண்டே போனதால் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை.

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆபீசரே எழுதின பிறகு உனக்கென்ன தெரியும் என்று கேட்டார். அண்ணி குரலை உயர்த்தாமல் சொன்னார்: “எழுதுனவரு வரப்புல நின்னு எழுதுனாரு.”

அந்தச் சொல் என்னைச் சுட்டது. ஆனால் அதில் பொய் ஏதும் இல்லை. அண்ணனிடம் இரண்டு நாள் பொறுக்கச் சொன்னேன். அவர் டிராக்டர்காரரிடம் முணுமுணுத்துக்கொண்டே வேண்டாமென்று சொன்னார். நோயென்று மருந்தடித்த பிறகும் பயிர் காய்ந்தால் பழி முழுவதும் தன் தலையில் விழும் என்று அண்ணிக்குத் தெரியும். அப்படியும் மேட்டில் பத்து இலை, பள்ளத்தில் பத்து இலை என்று தனித்தனியாகப் பறித்துச் செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தார். மறுநாள் திண்டிவனத்தில் எனக்குத் தெரிந்த பயிர் நோய் நிபுணர் ஒருவர் அவற்றை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் துரு நோய்தான் என்றார். இன்னும் ஒரு வாரம் விட்டால் மருந்தடித்தும் பயனில்லை என்றார்.

அன்று மாலையே பூஞ்சைக்கொல்லி வாங்கி வந்தோம். அண்ணன் தெளிக்க, அண்ணி முன்னால் நடந்து இலைகளின் அடிப்பக்கம் மருந்து படுகிறதா என்று பார்த்துக்கொண்டே போனார். பத்து நாளில் புதுத் துளிர் சுத்தமாக வந்தது. முழு விளைச்சல் இல்லைதான், ஆனாலும் பிடுங்கிய செடிகளில் காய் நிறைந்திருந்தது. அண்ணன் முதல் செடியை அண்ணி கையில் கொடுத்தார்.

நான் உவர் என்று எழுதிய நிலங்களுக்கெல்லாம் மறுபடி போனேன், இந்த முறை அண்ணியையும் அழைத்துக்கொண்டு. சில இடங்களில் உண்மையிலேயே உப்புதான். பல இடங்களில் துரு. திருத்திய பட்டியலைக் கொடுத்தபோது மேலதிகாரி நேரில் வந்து பார்த்தார். எது வரைக்கும் படித்திருக்கிறீர்கள் என்று அண்ணியைக் கேட்டார்.

“உப்பளத்துல பத்து வருசம் சார்” என்றார் அண்ணி.

மேலதிகாரி சிரிக்கவில்லை, தலையசைத்தார். இவர் எங்கள் அண்ணி என்று சொன்னபோது என் குரல் எனக்கே கொஞ்சம் பெரிதாகக் கேட்டது.

இப்போது நான் ஓய்வு பெற்றுச் சென்னையில் இருக்கிறேன். போன மாதம் அண்ணி போனில் ஒரு படமும் குரல் செய்தியும் அனுப்பியிருந்தார். பக்கத்து நிலத்து மல்லாட்டையாம். “பின்பக்கம்தான் எடுத்து அனுப்பியிருக்கேன். கருப்புப் புள்ளி, துரு இல்ல. என்னா மருந்துன்னு நானே சொல்லிட்டேன். சும்மா உங்க கண்ணுல காட்டலாம்னுதான் தம்பி.”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். திருத்த ஒன்றுமில்லை.