துப்பாக்கிக்கு ஒரு துர்பீன்

எனக்கு நாற்பத்தாறு வயது நடந்தபோது, ஒரு கார்த்திகை மாத மாலையில், பக்கத்து நிலத்துக்காரரின் எருமைக் கன்றைப் பன்றி என்று நினைத்துச் சுட்டுவிட்டேன். குண்டு கன்றின் மேல் படவில்லை. ஒரு முழம் தள்ளியிருந்த பாறையில் பட்டுச் சிதறியது. கன்று கத்திக்கொண்டு ஓடிய பிறகுதான் அது கன்று என்பதே எனக்குத் தெரிந்தது.

அப்போது நான் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் மேஸ்திரியாக இருந்தேன். பதனிட்டுக் காய்ந்து வரும் ஆட்டுத் தோல்களைத் தரம் பிரிப்பது என் வேலை. ஊருக்கு வெளியே, மலையடிவாரத்தில், எனக்கு இரண்டு ஏக்கர் புன்செய் இருந்தது. வேர்க்கடலை போடுவோம். காய் பிடிக்கிற சமயத்தில் காட்டுப்பன்றிகள் மலையிலிருந்து இறங்கும். முதலாளி வயதாகி வேட்டையை விட்டபோது தம்முடைய பழைய ரைஃபிளை, கலெக்டர் கச்சேரியில் எழுதி உத்தரவு வாங்கி, என் பேருக்கு மாற்றிக் கொடுத்திருந்தார். பத்து வருஷமாக அதை வைத்துக்கொண்டு நன்றாகத்தான் சுட்டுவந்தேன்.

கெட்டது கண். ஷாப்பிலேயே எனக்கு அது தெரிந்திருந்தது. தோலில் உண்ணி கடித்த தழும்பைப் பார்க்க, கையை முழுதாக நீட்டித் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. துப்பாக்கியில் அந்த வசதி இல்லை. பின்னால் இருக்கிற வெட்டு, குழாய் நுனியில் இருக்கிற மணி, அதற்கப்பால் மிருகம், மூன்றையும் ஒரே கண்ணால் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். மணியைப் பார்த்தால் மிருகம் கலங்கியது. மிருகத்தைப் பார்த்தால் மணியைக் காணவில்லை. கன்றின் சொந்தக்காரர் பெரிய மனுஷர், சண்டைக்கு வரவில்லை. "கன்னுக்குப் பக்கத்துல என் பேரன் நின்னிருந்தா?" என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம் துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்துத் துணியில் சுற்றி வைத்துவிட்டேன். அந்த வருஷம் பாதிக் கடலையைப் பன்றி தின்றது.

என் சிநேகிதர் ஒருவர் அதே ஷாப்பில் எடை போடுகிறவர், வாணியம்பாடிக்காரர். எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பன்றியை அவர் தொடமாட்டார். முயல் கிடைத்தால் தமக்கு என்று சொல்லி என்னோடு நிலத்துக் காவல் பரணில் வந்து உட்கார்ந்திருப்பார். அவர்தான் ஆடி மாதம், விதைப்பு முடிந்த கையோடு, பேச்சை எடுத்தார்.

"துப்பாக்கி மேல வெக்கிற துர்பீன் ஒண்ணு இருக்குது மேஸ்திரி, தூரத்துல இருக்கறத கிட்ட காட்டும். நம்ம முதலாளியோட மச்சான் வெச்சிருக்காரு. அதுல மணியும் இல்ல, வெட்டும் இல்ல. உள்ள ஒரு கோடு இருக்கும். கோட்ட மிருகத்து மேல வெச்சா போதும்."

"விலை ஜாஸ்தியா இருக்குமே பாய்."

"கம்மியா கூட இருக்கும். போய்ப் பாத்தாத்தான தெரியும்?"

என் கையில் இருந்தது எண்பது ரூபாய். கிணற்றில் தண்ணீர் இறைக்கிற தோல் பறியையும் வடக்கயிற்றையும் மாற்றி, கிணற்றுச் சுவரைச் சரிசெய்ய வைத்திருந்தது. வீட்டில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். என் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

"பன்னி திங்கறதுக்கா தண்ணி எறைச்சு ஊத்தப் போறோம்? போய் வாங்கிட்டு வாங்க. ஆனா பாத்து வாங்குங்க. இன்னொரு தடவ அந்த மாதிரி ஆவக் கூடாது."

அவள் கன்றைச் சொல்கிறாள் என்று தெரிந்தது.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை ஷாப்புக்கு லீவு போட்டுவிட்டுப் பாயும் நானும் பட்டணம் போனோம். மவுண்ட் ரோட்டில் ஒரு துப்பாக்கிக் கடை. விற்கிற ஆள் இளவயசு, மரியாதையானவர். கண்ணாடிப் பெட்டியிலிருந்து இரண்டு எடுத்து வைத்தார். ஒன்று நீளமானது, எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் என்றார். புதிது, எழுபது ரூபாய். மற்றொன்று ஜெர்மனியில் செய்தது, நாலு மடங்குதான். விலை நூற்றறுபது.

எட்டு மடங்கை வாங்கி வாசலில் நின்று பார்த்தேன். எதிர்ச் சாரியில் ஒரு கட்டடத்து மணிக்கூண்டு என் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. முட்களின் நுனி தெரிந்தது. எண்பதுக்குள் இத்தனை கிடைக்கிறதே என்று எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. பணத்தை எடுக்கவே போய்விட்டேன். பாய் என் கையைப் பிடித்தார்.

"மத்தியானத்துல எல்லாமே நல்லாத்தான் தெரியும். பன்னி மத்தியானத்துலயா வருது?"

கடைக்காரரிடம் பொழுது சாய்ந்து ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டோம். முகம் சுளிக்காமல் சரி என்றார். கடற்கரைவரை நடந்து போய்ச் சுற்றிவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பினோம். எதிரே ஒரு மரத்தடியில் ஜட்கா வண்டி நின்றிருந்தது. எட்டு மடங்கில் பார்த்தேன். சாம்பல் பூசினதுபோல ஒரு திட்டு இருந்தது. குதிரையா மரமா என்று பிரியவில்லை. போதாததற்குப் படம் ஒரு நிலையில் நிற்காமல் நடுங்கியது. என் மூச்சின் ஆட்டத்தையும் அது எட்டு மடங்காக்கிவிடும் என்று கடைக்காரர் விளக்கினார். ஜெர்மன் குழாயை எடுத்துப் பார்த்தேன். குதிரை தெரிந்தது. அதன் காது தெரிந்தது. வண்டிக்காரன் பீடியைக் காதில் செருகியிருந்ததும் தெரிந்தது. நூற்றறுபது என்பது நினைவுக்கு வந்ததும் பெட்டிமேல் வைத்தேன்.

கடைக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். "பழசு எடுத்துக்குவீங்களா சார்? அரக்கோணத்துல ரிடையர் ஆன இன்ஜின் டிரைவர் ஒருத்தர் போன மாசம் ஒரு ஜெர்மன் பீஸ் கொண்டாந்தாரு. நாங்க பழசு வாங்கறது இல்லை. அவரைப் போய்ப் பாருங்க" என்று ரயில்வே காலனியில் வீட்டு அடையாளம் சொன்னார். விற்காத பொருளுக்கு வழி சொன்ன அந்த மனிதரை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிறு அரக்கோணம் போனோம். டிரைவர் ஆங்கிலோ இந்தியர். பெரிய உடம்பு, கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. வேட்டையை அந்தக் கைதான் நிறுத்தியது என்று அவரே சொன்னார். மேஜைமேல் ஒரு குழாயை வைத்தார். கறுப்புப் பூச்சு பல இடத்தில் தேய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. மாட்டுகிற பிடியோடு சேர்த்து எழுபது ரூபாய் என்றார்.

"எத்தனை மடங்கு தொரே?"

"ரெண்டரை."

என் முகம் விழுந்ததை அவர் பார்த்திருக்க வேண்டும். சிரித்தார்.

"இன்னா மேன், நீ பன்னி சுடப் போறியா, நட்சத்திரம் பாக்கப் போறியா? எத்தனை கஜத்துல சுடுவே?"

"அறுபது, எழுபது."

"அதுக்கு ரெண்டரையே ஜாஸ்தி." புருவத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கே பிறை மாதிரி ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது. "இது முதல்ல வாங்கின குழாய் குடுத்த பரிசு. பெரிசா காட்டும், ஆனா கண்ண கிட்ட வெக்கணும். துப்பாக்கி பின்னால உதைச்சப்போ நேரா இங்க வந்துடுச்சு. இதுல நாலு விரல்கடை தள்ளி வெச்சாலும் முழுசா தெரியும். பாரு."

பார்த்தேன். சொன்னது நிஜம். அப்புறம், தாமே அதன் குறைகளையும் சொன்னார். உயரம் கூட்டிக் குறைக்கிற திருகு சுற்றும். குறியை இடம் வலமாக நகர்த்துகிற திருகு இதில் கிடையாது. பிடியை ரவை ரவையாகத் தட்டித்தான் சரிசெய்ய வேண்டும். "பொறுமை இல்லாதவனுக்கு இது ஆவாது" என்றார். பாய் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே ஈரம், பாசி ஏதாவது உண்டா என்று ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இல்லை.

பொழுது சாயும்வரை இருக்கச் சொல்லி டீ கொடுத்தார். வெளிச்சம் மங்கினபிறகு பின்கட்டுக்குப் போய் நின்றோம். தண்டவாளத்துக்கு அப்பால் சப்பாத்திக்கள்ளிப் புதர். வெறும் கண்ணுக்கு ஒரே இருட்டு. குழாயில் பார்த்தபோது புதரோரம் இரண்டு ஆடுகள் இருந்தன. அவை பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் ஆடு என்று தெரிந்தது. ஒன்று சினை என்றுகூடச் சொல்லிவிடலாம். நடுவில் கீழிருந்து கூராக ஏறிய தடித்த கோடு, அந்த மங்கலிலும் கறுப்பாக நின்றது. மணிக்கூண்டின் முட்கள் ஒருமுறை மனசில் வந்துபோயின. எழுபது ரூபாயை எடுத்துக் கொடுத்தேன்.

வேலூரில் துப்பாக்கி ரிப்பேர் செய்கிற ஒருவர் பிடியை என் ரைஃபிளுக்கு ஏற்றபடி அரம் போட்டு மாட்டினார். வேண்டும்போது கழற்றிக்கொள்ளலாம். பிடியின் வளையத்துக்குள் குழாய் நழுவிற்று. நான் ஷாப்பிலிருந்து மெல்லிய ஆட்டுத்தோல் துண்டு ஒன்று கொண்டுபோய்ச் சுற்றினேன், கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது. வற்றிக் கிடந்த ஏரிக்கரையில் ஒரு தகரத்தை நட்டு, இரண்டு ஞாயிற்றுக்கிழமை சுட்டும் தட்டியும் பார்த்து, தோட்டாக்களைச் சிக்கனமாகச் செலவழித்துக் குறியை ஒரு சாணுக்குள் கொண்டுவந்தோம்.

அந்த வருஷம் சீமைக்குப் போகிற தோலின் விலை விழுந்திருந்தது. எங்கள் ஷாப்பில் பாதிப்பேரை நிறுத்திவிட்டார்கள். வெளிக்களத்தில் தோல் காயப்போடுகிற பெண்களில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு வேலை போயிற்று. யார் யார் என்று எழுதிக் கொடுத்தது நான்தான். களத்து ஆட்களை மேய்க்கிற கங்காணி சொன்னதை எழுதினேன், அவ்வளவுதான். இருந்தாலும் எழுதினது என் கை.

ஐப்பசிக் கடைசியில் கடலை முற்ற ஆரம்பித்தது. மழை விட்ட ஒரு சாயங்காலம் பாயும் நானும் பரணில் இருந்தோம். பொழுது இறங்கி வரப்புகள் மறைகிற நேரம். மேற்கு மூலையில் செடி அசைந்தது. குனிந்த முதுகுபோலக் கறுப்பாக ஒன்று, செடியைக் கிளறிக்கொண்டே மெல்ல நகர்ந்து வந்தது. பாய் என் தொடையைத் தொட்டார். நான் துப்பாக்கியைத் தோளில் வைத்துக் விசையில் விரலைப் போட்டேன்.

குழாய்க்குள் ஒரு பெண் இருந்தாள். தலையோடு ஈரக் கோணிச்சாக்கைப் போர்த்தியிருந்தாள். செடியைப் பிடுங்கி உதறிக் காயை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒருமுறை நிமிர்ந்து மலைப்பக்கம் பார்த்தபோது முகம் தெரிந்தது. நான் எழுதிக் கொடுத்த பட்டியலில் இருந்தவள்.

விரலை எடுத்தேன். தோட்டாவை வெளியே எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன்.

"இன்னா, போடலியா?" என்று பாய் காதோரம் கேட்டார்.

"பன்னி இல்ல பாய்."

"பின்னே?"

"நம்ம களத்துப் பொண்ணு ஒண்ணு. சத்தம் போடாதீங்க, போவட்டும்."

அவர் உதட்டுக்குள் எதையோ ஓதினார். அவள் மடி நிறைந்ததும் வரப்பேறிப் போய்விட்டாள். பழைய மணியை நம்பியிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்பதைவிட, அவள் என்ன ஆகியிருப்பாள் என்ற எண்ணம்தான் அன்றைக்கு என்னைச் சோறு உண்ணவிடவில்லை. மனைவியிடம் சொன்னேன். அவள், "கடல புடுங்க ஆள் வேணும்ல. அவளுக்கு மொதல்ல சொல்லி அனுப்பலாம்" என்றாள்.

கார்த்திகையில் கடலை பிடுங்க வந்த ஆறு பெண்களில் அவளும் ஒருத்தி. அன்றைக்குப் பார்த்ததை நானோ என் மனைவியோ அவளிடம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் எல்லோரும் புளியமரத்தடியில் கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, கழற்றி எடுத்த துர்பீனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் கைகழுவ வந்தவள் நின்றாள்.

"இன்னா கொழா மேஸ்திரி அது?"

கொடுத்தேன். முதலில் தலைகீழாகப் பிடித்தாள், பிறகு சரியாகப் பிடித்து மலையைப் பார்த்தாள். மேற்கு மூலையைப் பார்த்தாள்.

"இதுல பாத்தா தூரத்துல இருக்கிற ஆள் மொகம் தெரியுமா?"

"தெரியும்."

"பொழுது போனப்புறம்?"

"கொஞ்ச நேரத்துக்குத் தெரியும்."

அவள் குழாயை இறக்கினாள். முந்தானையால் அதைச் சுற்றித் துடைத்து, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தாள். அவள் கண் என் முகத்தில் இருந்தது. நான் வேறெங்கும் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"எனக்கு ரெண்டு கொழந்தைங்க மேஸ்திரி" என்றாள்.

"தெரியும்மா. நாளைக்கும் வா. இன்னும் நாலு நாள் வேலை இருக்கு."

தலையை அசைத்துவிட்டுச் செடிக்குள் இறங்கினாள். நாலு நாளும் வந்தாள். கூலிக்காய் அளந்தபோது என் மனைவி மற்றவர்களுக்குப் போட்டதுபோலவே அவளுக்கும் போட்டாள். கூடப் போட்டால் அவளுக்கு மனம் நோகும் என்றாள்.

தை மாதம் ஷாப்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்களைத் திரும்ப எடுத்தார்கள். களத்துக்கு யாரை எடுக்கலாம் என்று கங்காணி கேட்டபோது, நான் முதலில் சொன்னது அவள் பெயரைத்தான்.