லயத்திலிருந்து செய்தி வராத பகல்

இந்த நாட்டில் பக்கத்து அறைக்காரர் நடையில் நிற்கும் சத்தம் கேட்டால், அவர் போகும்வரை நாம் கதவுக்கு உள்ளேயே நிற்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் வந்து இறங்கியது பின்லாந்தின் கிழக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சிறிய பல்கலைக்கழக நகரம். மாணவர் விடுதியில் ஒரே சமையலறையைப் பங்கிட்டுக்கொள்ளும் இரண்டு அறைகளில் ஒன்று எனக்கு, மற்றது ஐனோ என்ற அந்த நாட்டுப் பெண்ணுக்கு. நான் சப்பாத்தை மாட்டிக்கொண்டு நடைக்கு வரும்போதெல்லாம் அவளுடைய கதவு கொஞ்சம் திறந்து, மெதுவாக மூடிக்கொள்ளும். நான் படியிறங்கி வாசலைத் தாண்டிய பிறகுதான் அவள் வெளியே வருவாள். அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். என் நிறமோ, நான் தாளித்த கறிவேப்பிலையின் மணமோ, எது என்று தெரியவில்லை. அந்த முதல் நாட்களில் நான் அடுப்பைப் பற்றவைக்கவே பயந்து பாண் என்கிற ரொட்டியையும் வாழைப்பழத்தையும் தின்றுகொண்டிருந்தேன்.

இலங்கை மலையகத்தில், டயகம பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் சத்தத்துக்கு வேறு அர்த்தம். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளின் வரிசை. ‘லைன்’ என்று வெள்ளைக்காரன் சொன்னதை நாங்கள் லயம் ஆக்கிக்கொண்டோம். எங்கள் நடுச்சுவர் கூரைவரை எட்டாது. கறியில் உப்பில்லை என்று அப்பா முணுமுணுத்தால், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாந்தியக்கா சிரிப்பார். கணவர் இறந்த பிறகு குவைத்துக்குப் போய்ப் பல வருடம் வீட்டுவேலை செய்துவிட்டு வந்தவர் அவர். திரும்பி வந்ததும் ஒரு பசுமாடு வாங்கி, லயத்துக்கு மேலே சரிவில் கொட்டில் போட்டுக் கட்டினார். பிள்ளைகள் இல்லை. மாட்டோடு பேசிக்கொண்டிருப்பார். அந்தப் பேச்சும் எங்கள் வீட்டுக்குள் கேட்கும்.

எங்கள் தோட்டத்தில் வெளிநாடு என்றால் குவைத், சவூதி, டுபாய். ஒரு பெண் வெளிநாடு போகிறாள் என்றால் எந்த வீட்டுக்கு வேலைக்குப் போகிறாள் என்றுதான் கேட்பார்கள். எனக்கு வனவியல் படிக்கப் புலமைப்பரிசில் கிடைத்தது என்று அப்பா சொன்னபோது பாதிப் பேர் நம்பவில்லை. புறப்படுவதற்கு முதல் நாள் சாந்தியக்கா என்னைத் தனியாகக் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“அங்க போனதும் பாஸ்போட்ட யாருகிட்டயும் குடுத்துறாத சுதா.”

“அக்கா, நான் வேலைக்குப் போகலக்கா. படிக்கத்தான் போறேன்.”

“படிக்கத்தான் போற, தெரியும். இருந்தாலும் குடுத்துறாத.”

அன்றைக்கும் மழைதான். லயத்துக்குப் பின்னால் மண் வந்து அடைத்த தண்ணீர்க் கானை அப்பா மம்பட்டியால் வெட்டி விட்டுக்கொண்டிருந்தார். மேலே சரிவில் நிலம் வெடித்துக் கிடந்தது எல்லோருக்கும் தெரியும். அதிகாரிகள் வந்து பார்த்து, இங்கே இருக்கக் கூடாது என்றார்கள். எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதனால் மழை கூடினால் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவதும், வெயில் அடித்ததும் திரும்பி வருவதுமாக நாங்கள் வாழப் பழகிவிட்டிருந்தோம். ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. இங்கே இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியும் என்று அப்போது நினைத்திருந்தேன்.

வகுப்புகள் தொடங்குவதற்கு முன்னால் புது மாணவர்களுக்கு அறிமுக நாள் ஒன்று வைத்தார்கள். மிக்கோ என்ற ஒருங்கிணைப்பாளர் நூலகம், மாணவர் அட்டை, ‘சவ்னா’ என்கிற நீராவிக் குளியல் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். பிறகு ஒவ்வொருவரும் தங்கள் ஊரின் படம் ஒன்றைத் திரையில் காட்ட வேண்டும் என்றார். நான் காட்டியது தேயிலை மலையின் மேல் பனி இறங்கிக் கிடக்கும் ஒரு படம். “இவ்வளவு அழகான இடத்தை விட்டுவிட்டு ஏன் இங்கே வந்தாய்?” என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். படத்தின் ஓரத்தில் எங்கள் லயத்தின் தகரக் கூரை சின்னதாகத் தெரிந்தது. அது என்ன என்று யாரும் கேட்கவில்லை.

இடைவேளையில் கைத்தொலைபேசியைத் திறந்தேன். ஹட்டனில் இருக்கும் பள்ளித் தோழி ஒருத்தி முகநூலில் போட்டிருந்த படம்தான் முதலில் வந்தது. எங்கள் தோட்டத்துப் பெயர். மேற்கணக்கில் மண்சரிவு என்று எழுதியிருந்தாள். படத்தில் சிவப்பு மண், முறிந்த சவுக்கு மரங்கள், அதற்கு நடுவில் ஒரு லயத்தின் பாதி. மற்றப் பாதி இருந்த இடத்தில் மண்தான் இருந்தது. மேற்கணக்கு என்பது தோட்டத்தில் நாங்கள் இருக்கும் மேல்பிரிவு, அங்கே இருப்பது நான்கு லயங்கள். எல்லாம் ஒரே மாதிரிக் கூரை, ஒரே மாதிரிச் சுவர். படத்தை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தும் அது எங்களுடையதா என்று எனக்குத் தெரியவில்லை. பிறந்து வளர்ந்த வீட்டை அடையாளம் காண முடியாமல் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் நின்றேன். அம்மாவுக்குப் போன் எடுத்தேன். தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண்குரல் முதலில் சிங்களத்தில் சொன்னது, பிறகு தமிழில், பிறகு ஆங்கிலத்தில். அப்பாவுக்கு எடுத்தாலும் அதே குரல். தோழிக்கு எடுத்தேன். யாரோ அனுப்பியதைத்தான் போட்டேன், வேறு ஒன்றும் தெரியாது என்று அழுதாள்.

மிக்கோவிடம் ஓடினேன். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்றுதான் இந்த நாட்டுக்குள் விட்டார்கள். அந்த நேரத்தில் அது வாயில் வரவில்லை. “சேர், என் லைன் போய்விட்டது. லைனில் யாரும் பதில் சொல்லவில்லை. ஏதோ விழுந்திருக்கிறது” என்றேன்.

அவர் மிகவும் அன்பாகத் தலையசைத்தார். “கவலைப்படாதே. முதல் வாரத்தில் எல்லோருக்கும் இது நடக்கிறது” என்றார்.

என்னை நீளமான ஒரு நடைவழியாகக் கூட்டிக்கொண்டு போனார். அவர் யாருக்கோ தகவல் சொல்லப் போகிறார், தூதரகத்துக்காக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு கூடவே போனேன். ஒரு மேசைக்கு முன்னால் நிறுத்தினார். அங்கே இருந்த இளைஞன் என் கைத்தொலைபேசியை வாங்கி எதையெதையோ தட்டி, புது சிம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். “இப்போது உன் லைன் சரியாகிவிட்டது” என்றான்.

“இந்த லைன் இல்லை. லைன் என்றால் வீடு” என்றேன்.

“வீட்டில் லைன் இல்லையா?” என்று அவன் திரும்பவும் கையை நீட்டினான்.

இன்னொரு தடவை விளக்க எனக்குத் தெம்பில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்து, நடையில் இருந்த மரப்பெஞ்சில் உட்கார்ந்தேன். மிக்கோ பெருவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு மண்டபத்துக்குத் திரும்பிப் போனார்.

ஐனோ அந்தக் கட்டடத்துச் சிற்றுண்டிச்சாலையில் பகுதிநேரம் வேலை செய்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிய வந்தது. கோப்பைகள் அடுக்கிய தள்ளுவண்டியோடு என்னைத் தாண்டிப் போனவள், போன வேகத்தில் திரும்பி வந்தாள். என் முன்னால் நின்றாள். நான் படத்தை எடுத்துக் காட்டினேன். “இங்கேதான் என் அம்மாவும் அப்பாவும்” என்று மட்டும் சொன்னேன். அவள் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தாள். தள்ளுவண்டியைச் சுவரோரம் நிறுத்தினாள்.

“நான் கூட இருக்கவா, இல்லை போய்விடவா?” என்று கேட்டாள்.

எங்கள் லயத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்கமாட்டார்கள். இந்நேரம் பத்துப் பேர் சுற்றி நின்று மாரில் அடித்துக்கொண்டிருப்பார்கள். ஒருத்தர் தண்ணீர் கொடுப்பார், இன்னொருத்தர் கெட்ட கனவு கண்டதைச் சொல்லுவார். நான் அவளுடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் உட்கார்ந்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டுத்தான் உட்கார்ந்தாள். நான் பிடித்த கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை. கதவை மூடிக்கொண்டு அவள் உள்ளே நின்றதெல்லாம் எனக்கு வழிவிடத்தான் என்று அப்போது தோன்றியது.

எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்து அக்கரப்பத்தனை டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ரியாஸ் நானாவின் நம்பர் என்னிடம் இருந்தது; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். அம்மாவின் போனுக்கு ரீலோட் போடுவது அவர் கடையில்தான். அவருக்கு எடுத்தேன். பல தடவை அறுந்து, கடைசியில் மணி போனது.

“நானா, நான் சுதா. மேக்கணக்கு செல்வராஜ் மக.”

“ஆ, மகளா. நீங்க வெளிநாடு போனீங்கதானே?”

“ஆமா நானா. எங்க லயத்துப் பக்கம் மண்ணு சரிஞ்சிருச்சாம். யாருக்குமே போன் போகமாட்டேங்குது.”

அவர் கடைத் தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டது. அந்த மழையை அவ்வளவு தூரத்திலிருந்து கேட்டபோது போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“டவருக்கு கரண்ட் இல்ல மகள். விடியக்காலம் சரிஞ்சதுன்னு சொன்னாங்க. ரோட்டுல மரம் விழுந்து கெடந்து இப்பதான் வெட்டினாங்க. சனத்த பள்ளிக்கூடத்துல வச்சிருக்காங்களாம். லொறியில பாண் ஏத்திக்கிட்டு நான் அங்கதான் கெளம்புறேன்.”

“அம்மாவும் அப்பாவும் இருக்காங்கதானே நானா?”

“கண்ணால பாக்காம நான் ஒன்னும் சொல்லமாட்டேன் மகள். போய்ப் பாத்துட்டு, சிக்னல் கெடைக்கிற எடத்துக்கு வந்து எடுக்கிறேன்.”

இருக்கிறார்கள் என்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம் என்று அவர் மேல் கோபம் வந்தது. நான் காத்திருந்தேன். மண்டபத்திலிருந்து மாணவர்கள் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள், போனார்கள். யாரோ கிற்றார் வாசித்தார்கள். வெள்ளை மேலங்கி போட்ட பெண் ஒருத்தி வந்து ஐனோவிடம் அவர்கள் மொழியில் கடுகடுப்பாகப் பேசினாள். வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டிக்கிறாள் என்று விளங்கியது. ஐனோ இரண்டு சொல்லில் பதில் சொல்லிவிட்டு இருந்த இடத்திலேயே இருந்தாள். வந்தவள் என்னைப் பார்த்தாள். பிறகு தள்ளுவண்டியைத் தானே தள்ளிக்கொண்டு போனாள். நான் மனதுக்குள் எங்கள் லயத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பார்த்துக்கொண்டிருந்தேன். யார் வீடு எது, அந்த விடியக்காலத்தில் யார் எங்கே படுத்திருப்பார்கள், யாருக்குக் காது மந்தம், யாரால் ஓட முடியாது என்று ஒவ்வொரு வாசலாக நின்றேன்.

போன் அடித்தபோது எடுக்கப் பயமாக இருந்தது. ஐனோ என் கையைத் திறந்து, அழைப்பை எடுத்து, போனை என் காதில் வைத்தாள். நானா தன் லொறியில் அம்மாவையும் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் வளைவுவரை வந்திருந்தார்.

“சுதா” என்றார் அப்பா. அந்த ஒரு சொல்லில் எனக்கு மூச்சு வந்தது. “நாங்க இருக்கோம். எல்லாரும் முந்தியே பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டோம். சாந்திதான்…”

“அக்காவுக்கு என்னாச்சுப்பா?”

“மாட்ட அவுத்து விடணும்னு திரும்பிப் போனா. வேணாம்னு கையப் புடிச்சு இழுத்தேன், கேக்கல.” அப்பா போனை மறு காதுக்கு மாற்றும் சத்தம் கேட்டது. “மாடு வந்துருச்சு. அவ வரல.”

எங்கள் பக்கத்தில் நான்கு வீடுகள் மண்ணுக்குள் போய்விட்டன. அதில் எங்களுடையதும் ஒன்று. நான் வந்துவிடுகிறேன் என்றேன். எப்படியாவது டிக்கட் எடுத்து நாளைக்கே வருகிறேன் என்றேன்.

“வந்து என்ன செய்யப் போற? நாங்களே பள்ளிக்கூடத்து பெஞ்சில படுத்திருக்கோம்” என்றார் அப்பா. பிறகு அம்மாவிடம் கொடுத்தார்.

அம்மா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. “நீ இருக்கிற எடத்துக்குப் பின்னால மல இருக்கா?” என்று கேட்டார்.

“இல்லம்மா. இங்க மலையே இல்ல. கண்ணுக்கு எட்டுன வரைக்கும் ஒரே சமமாத்தான் இருக்கு.”

“அப்ப அங்கயே இரு” என்றார் அம்மா.

மறுநாள் மிக்கோ என்னைத் தேடி வந்தார். ஐனோ சொல்லியிருக்க வேண்டும். லைன் என்றால் வீடு என்று தனக்குத் தெரியாமல் போய்விட்டது, மன்னிக்க வேண்டும் என்றார். முகம் சிவந்திருந்தது. எங்கள் நாட்டிலேயே பல பேருக்கு அது தெரியாது என்று நான் சொன்னேன். அதை அவர் பகடி என்று எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று தடுமாறினார்.

சாந்தியக்காவை மண்ணிலிருந்து எடுத்து அடக்கம் செய்த அன்றைக்கு எனக்கு முதல் விரிவுரை. ஹட்டன் தோழி அங்கே போய் வீடியோவில் காட்டினாள். நான் கடைசி வரிசையில், சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு, மேசைக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். பேராசிரியர் மரவேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்வது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். போன் திரையில் குடைகள்தான் தெரிந்தன. பறை அடிப்பவரின் கை உயர்ந்து இறங்கியது. எனக்கு ஒரு ஒலியும் கேட்கவில்லை. அக்காவோடு பேசிய கடைசிப் பேச்சு பாஸ்போட்டைப் பற்றியதாகப் போய்விட்டதே என்று நினைத்தேன். அது என் பையில் பத்திரமாக இருந்தது. அதைக் காட்டி நான் எப்போது வேண்டுமானாலும் ஊருக்குப் போகலாம். போய் எந்த வாசலில் நிற்பது என்றுதான் தெரியவில்லை.

இப்போதும் அவர்கள் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறார்கள். புது இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். கைத்தொலைபேசியில் வானிலை பார்க்கும் பக்கத்தில் நான் இரண்டு ஊர்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். மேலே அக்கரப்பத்தனை, அதற்குக் கீழே இந்த நகரம். காலையில் கண் விழித்ததும் மேலே உள்ளதைத்தான் பார்க்கிறேன். கீழே உள்ளதைப் பார்க்க அநேகமாக மறந்துபோகிறது. போன கிழமை ஒருநாள் பஸ் தரிப்பிடத்தில் நின்றுகொண்டிருந்தேன். சுள்ளென்று வெயில், மேகம் ஒரு துண்டுகூட இல்லை. எட்ட நின்ற ஒரு மனிதர் என்னைப் பார்த்தார், பிறகு தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தேன். என் கையில் குடை விரிந்திருந்தது.