அப்பாவுக்குப் போன சீருடைத் துணி

புதுத் துணியின் கஞ்சி வாடை விரல்களை விட்டுப் போகாதது போலவே இருந்தது. இலங்கை மலைநாட்டில் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தை விட்டுப் பசறைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். எனக்குப் பதின்மூன்று வயது. அப்பாவைப் புதைத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

அந்தத் துணி பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்தது. ஒரு ஜனாதிபதி தொடங்கி வைத்த திட்டம். அதற்கு முன்பு, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் "லயத்தில்" சட்டை இல்லாததாலேயே படிப்பை விட்டவர்கள் பலர். பெரியப்பா மகன்கள் இரண்டு பேரும் ஒரே சட்டையை நாள் மாற்றி நாள் போட்டுக்கொண்டு போய், அது கிழிந்ததும் சேர்ந்தே நின்றுவிட்டார்கள். அந்த ஜனாதிபதியைப் பற்றி, பிற்காலத்தில் ஊர் ஊராகத் திரிந்தபோது நல்லதும் கேட்டேன், கெட்டதும் கேட்டேன். துணி வந்தது மட்டும் நான் கண்ணால் கண்டது.

அந்த வருடம் எனக்கும் தங்கை செல்விக்கும் துணி கிடைத்த மறுநாள் அப்பா காய்ச்சலில் இறந்துபோனார். மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டிருந்தது. கடைக்குப் போக வழியில்லை. செத்தவரைப் பழந்துணியோடு அனுப்பினால் வீட்டையே சுற்றிவருவார் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. "கோடி" போர்த்தியே ஆகவேண்டும், அது புதுத் துணியாகத்தான் இருக்கவேண்டும்.

"புள்ளைங்க துணி ரெண்டு இருக்குல்ல அண்ணி," என்றார் சித்தப்பா. "பொம்பளப் புள்ள படிச்சு என்னத்தக் கிழிக்கப் போவுது? அவளோடத எடுங்க."

செல்வி தன் துணியை மடியில் வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, கையை மட்டும் அதன்மேல் அழுத்தியிருந்தாள்.

"என்னோடத எடுத்துக்கங்க," என்றேன்.

என் துணி அப்பாவுக்கு நெஞ்சிலிருந்து முழங்கால் வரைதான் வந்தது. பாடை தூக்க வந்த மாமா ஒருவர், "பள்ளிக்கூடத்துப் பக்கமே ஒதுங்காத மனுசன், இப்ப யூனிபோமோட போறாருடா," என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அழுதார்.

விஷயத்தை வாத்தியாரிடம் சொல்லியிருந்தால் வேறு துணிக்கு ஏதாவது வழி செய்திருப்பார். ஆனால் செத்தவருக்குக் கொடுத்ததற்குப் பதில் கேட்டால் இன்னொரு சாவைக் கூப்பிட்ட மாதிரி என்று நம்பிய வீடு எங்களுடையது. நான் கேட்கவில்லை, வேலை தேடிக் கிளம்பிவிட்டேன்.

இன்றைக்கும் அப்பா கனவில் வருகிறார். ஏதாவது ஒரு வகுப்பின் கடைசி வாங்கில் ஈரத்தோடு உட்கார்ந்திருப்பார், என்னைப் பார்க்கமாட்டார்.

செல்வி படித்தாள். இப்போது ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் ரீச்சர். அரசாங்கங்கள் எத்தனையோ மாறியும் அந்தத் திட்டத்தை ஒருவரும் நிறுத்தவில்லை. சில வருடம் துணி, சில வருடம் கூப்பன். கொடுக்கும் நாளில் அவள்தான் பெயர் கூப்பிடுகிறாள். வீட்டில் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை. எங்கள் லயம் இடிந்துவிட்டது. அப்பாவைப் புதைத்த மேட்டில் புதுத் தேயிலை நட்டுவிட்டார்கள், இடம் தெரியவில்லை.

தோட்டத்தை விட்டுக் கிளம்பிய அன்றைக்கு நடந்தும் லொறி ஏறியும் இருட்டுவதற்குள் வெலிமடை வந்து சேர்ந்தேன். மறுநாள் காலை, கரட் கழுவுகிற இடத்தில் முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பள்ளிக்கூடம் போற வயசுல்ல?"

"வீட்டுல தங்கச்சி போகுதுங்க."

அவர் இறங்கச் சொல்லிக் கைகாட்டினார். தண்ணீர்க் குழியில் கரட்டைக் கொட்டினார்கள். நான் உள்ளே இறங்கி, மண் போக மிதிக்க ஆரம்பித்தேன்.