என் வீட்டில் தொடங்கிய சபை

விக்ரோலித் தமிழ்ச் சபை எப்படித் தொடங்கியது என்று யாராவது கேட்டால் எங்கள் வீட்டைத்தான் சொல்வார்கள். முதல் ஜெபக்கூட்டம் எங்கள் குவார்ட்டர்ஸின் முன்னறையில்தான் நடந்தது, அது பொய்யில்லை. அதற்கு முன்னால் மாட்டுங்காவில் நடந்ததை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில், கல்யாணமான கையோடு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய் வந்து தாராவியில் குடியேறினோம். இரண்டாம் மாதமே எனக்கு டைபாய்டு. கணவர் வேலைக்குப் போய்விடுவார். பக்கத்துக் குடிசை அக்காதான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, என் துணிகளைத் துவைத்துப் போட்டு, என்னை எழுப்பி உட்கார வைத்தார். அவர் வீட்டுக்காரருக்குத் தோல் பதனிடும் இடத்தில் வேலை. அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் துணிப்பையில் வேதப்புத்தகம் இல்லாமல் எங்கும் போகமாட்டார். தன் குடிசையில் ஆறேழு பெண்களைக் கூட்டி ஜெபம் நடத்துவார். நான் தேறியதும் அவர்களுக்கு வாசித்துக் காட்டுவது என் பொறுப்பானது.

"நீ வாசி, நான் ஜெபிக்கேன். ரெண்டு பேரும் சேந்தாத்தான் ஒரு முழு ஆளு" என்று சிரிப்பார்.

இரண்டு வருஷம் கழித்து, மாட்டுங்காவில் ஒரு வீட்டின் பின்னறை வாடகைக்குக் கிடைத்தது. வீட்டுக்கார மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சைவந்தானே? வேதத்துல சேந்த கிறிஸ்தவா இல்லையே?"

கணவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "இல்லை மாமி."

மறுநாளிலிருந்து நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டேன். ஆலயத்துக்குப் போவதையும் நிறுத்தினேன். தாராவி பக்கத்தில்தான் இருந்தது. நான் போகவில்லை.

நான்கு மாதம் சென்றிருக்கும். கணவரை ரயில் நிலையத்தில் பார்த்து விலாசம் விசாரித்துக்கொண்டு, அக்கா ஒரு மத்தியானம் வெயிலில் நடந்தே வந்துவிட்டார். வாசலில் மாமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"இந்தாடி, உன்னைத் தேடிண்டு யாரோ வந்திருக்கா. தெரிஞ்சவாளா?"

வெளியே வந்தேன். அக்காதான். வெறும் நெற்றி, வியர்த்த முகம், தோளில் அந்தத் துணிப்பை. என்னைக் கண்டதும் அக்காவின் முகம் மலர்ந்தது.

"தெரியாது மாமி" என்றேன்.

அக்கா என் நெற்றியைப் பார்த்தார். கொஞ்ச நேரம்தான். பிறகு மாமியிடம் திரும்பி, "மன்னிச்சுக்கிடுங்கம்மா, வீடு மாறி வந்துட்டேன். நான் தேடுத பிள்ளை வேற" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அந்த வெயிலில் நடந்து வந்தவருக்கு ஒரு வாய் தண்ணீர்கூட நான் கொடுக்கவில்லை.

பிறகு கணவருக்கு விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது, குவார்ட்டர்ஸும் கொடுத்தார்கள். அங்கே யாருக்கும் பயப்பட வேண்டியிருக்கவில்லை. குங்குமத்தை அழித்தேன். ஒரு நாள் எங்கள் பழைய ஆலயத்துப் போதகர் வந்தார், கூடவே அக்காவும். விக்ரோலியில் சிதறிக் கிடக்கும் குடும்பங்கள் கூடி ஜெபிக்க ஒரு வீடு வேண்டுமாம்.

"நம்ம பிள்ளை வீடு இருக்குல்லா, ஐயா" என்றார் அக்கா, இடையில் எதுவுமே நடக்காததுபோல.

தேநீர் போட அடுக்களைக்குப் போனேன். பின்னாலேயே அவரும் வந்தார். "அக்கா, அன்னைக்கு மாட்டுங்கால..." என்று தொடங்கினேன்.

"பாலு பொங்குது பாரு" என்றார். அதோடு விட்டுவிட்டார். நானும் விட்டுவிட்டேன். அன்றைக்கு அது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

நான்கு குடும்பங்களோடு தொடங்கிய கூட்டம் முன்னறையை நிறைத்து நடைக்கு வழிந்தது. செம்பூரில் தனியாக ஒரு கூட்டம் பிரிந்தது. தாராவியில் அக்கா குடிசையில் கூடியவர்களுக்கு ஒரு கூடமே போதாமலானது. ஐந்து வருஷத்தில் எங்களுக்கும் தகரக் கூரை போட்ட ஆலயம் ஒன்று எழும்பியது. பிரதிஷ்டை அன்று போதகர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். "இந்தச் சபை இந்தத் தாயார் திறந்த கதவில் தொடங்கியது" என்றார். பின்வரிசைப் பாயில் அக்கா யாரோ ஒருத்தியின் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாரோடும் சேர்ந்து அவரும் ஸ்தோத்திரம் சொன்னார்.

அப்போது நான் பேசியிருக்க வேண்டும். நின்றுகொண்டுதானே இருந்தேன். பேசாமல் உட்கார்ந்தேன்.

மறுவருஷம் அக்காவும் வீட்டுக்காரரும் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டு எத்தனையோ முறை கடிதம் எழுதத் தொடங்கினேன். அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. நான் எழுதினால் வேறு யாராவதுதான் வாசித்துக் காட்ட வேண்டும். அந்த யாரோ தெரிந்துகொள்வார்களே என்று ஒவ்வொரு முறையும் கிழித்துப் போட்டேன். கடைசியில் நலம் விசாரித்து மட்டும் எழுதினேன். பதில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்தில் வந்தது. தனக்கு உடம்பு முடியவில்லை என்று ஒரு வரி. மீதியெல்லாம் கேள்விகள்: இப்போது எத்தனை வீட்டில் ஜெபம் நடக்கிறது, புதிதாக வந்தவர்கள் யார், பெண்களுக்கு வாசித்துக் காட்ட ஆள் இருக்கிறதா.

ஒவ்வொரு கேள்விக்கும் விவரமாகப் பதில் எழுதினேன். கேள்விகளுக்கு மட்டும்.